வடக்கு எந்தப் பக்கம், குட்டி? திசையும் மேப்பும் பழக்க அக்காவின் டிப்ஸ்

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் குடியிருக்கிற தங்கச்சிங்களுக்கு நான் புதுசா சொல்ல வேண்டியதில்லை. எங்கே பார்த்தாலும் உயரமான காம்பவுண்டு சுவர், தகரக் கூரை, வரிசை கட்டி நிக்கிற லாரி. ஒரு திருப்பம் தப்பினா பெரியவங்களே வேற கம்பெனி கேட்டுக்கு முன்னாடி போய் நிப்போம். இங்கே வளர்ற பிள்ளைங்க ஸ்கூல் வேன்ல ஏறி, வேன்ல இறங்குதுங்க. "உன் ஸ்கூல் நம்ம வீட்ல இருந்து எந்தப் பக்கம்?"னு கேட்டா, "வேன் வர்ற பக்கம்"னு பதில் வருது.

மேப் படிக்கிறது பெரிய கிளாஸ் பாடம்னு நாம நினைக்கிறோம். மூணு வயசுலேயே விளையாட்டா ஆரம்பிச்சுடலாம். வரிசைதான் முக்கியம். முதல்ல உடம்பு, அப்புறம் வீடு, தெரு, காகிதம், கடைசியிலதான் போன். இந்த வரிசையில போனா எட்டு வயசுல பிள்ளை உனக்கே வழி சொல்லும். நேரா போனைக் கையில கொடுத்தா நீலப் புள்ளி போற இடத்துக்குப் பின்னாடி போகத்தான் பழகும்.

1. இடது, வலது உடம்போட போகும்

சாப்பிடுற கை வலதுன்னு சொல்லிக் கொடுத்திருப்பே. அது பத்தாது, எதிர்ல நிக்கிறவங்களோட வலது எதுன்னும் புரியணும். பாப்பாவும் நீயும் எதிரெதிரே நின்னு, ரெண்டு பேரும் வலது கையைத் தூக்குங்க. ரெண்டு கையும் வேற வேற பக்கம் இருக்கும். "ஏன் இப்படி?"ன்னு அதுவே கேட்கும். இப்போ நீ திரும்பி பாப்பா பார்க்கிற பக்கமே பார்த்து நில்லு. ரெண்டு கையும் ஒரே பக்கம் வந்துடும்.

இதை நாலஞ்சு நாள் விளையாடினா அடிப்படை விஷயம் ஒண்ணு மனசுல பதியும். நாம திரும்பினா இடது வலதும் கூடவே திரும்பும், ஆனா வடக்கு தெற்கு இருந்த இடத்துலயே இருக்கும். மேப் புரியாத பெரியவங்க பல பேருக்கு இந்த இடத்துலதான் இடிக்குது.

2. சூரியனைக் காட்டு, கூடவே நிழலையும் காட்டு

நமக்குக் கிழக்கே கடல், பழவேற்காடு ஏரி. காலையில மொட்டை மாடியில பிள்ளையைச் சூரியன் பக்கம் நிக்க வை. முன்னாடி கிழக்கு, முதுகுப் பக்கம் மேற்கு, இடது கை வடக்கு, வலது கை தெற்கு. சூரியனை உத்துப் பார்க்க விடாதே, வெளிச்சம் வர்ற பக்கம் தெரிஞ்சா போதும்.

சூரியன் மிகச் சரியா நேர் கிழக்கே உதிக்கிறது மார்ச் 21, செப்டம்பர் 23 ஒட்டிய நாட்கள்லதான். மார்கழியில தெற்கே ஒதுங்கி வரும், ஆனியில வடக்கே ஒதுங்கி வரும். மாடியில இருந்து தெரியுற ஒரு செல்போன் டவரையோ சிம்னியையோ குறியா வெச்சுக்கோ. மாசத்துக்கு ஒரு தடவை சூரியன் அதுக்கு எந்தப் பக்கம் உதிக்குதுன்னு பிள்ளையை ஒரு நோட்டுல வரையச் சொல்லு.

நிழல்லயும் ஒரு சங்கதி இருக்கு. மத்தியான நிழல் வடக்கே விழும்னு பொதுவா எழுதியிருப்பாங்க. நம்ம ஊர்ல வருஷம் பூரா அது சரியா வராது. ஏப்ரல் கடைசி வாரத்துல ஒரு நாள் உச்சி வெயில்ல நிழலே காலடிக்குள்ள ஒடுங்கிடும். அதுக்கப்புறம் ஆகஸ்ட் நடு வரைக்கும் மத்தியான நிழல் தெற்கே விழும். பிறகு மறுபடி வடக்கே திரும்பிடும். அதனால நிழலை நம்புறதா இருந்தா இப்படிச் செய்: வெயில்ல ஒரு குச்சியை நட்டு, நிழல் நுனியில ஒரு கூழாங்கல் வை. அரை மணி கழிச்சு நிழல் நகர்ந்த நுனியில இன்னொண்ணு வை. முதல் கல் மேற்கு, ரெண்டாவது கல் கிழக்கு. இது எந்த மாசத்துலயும் பொருந்தும்.

3. பாட்டியைக் கூப்பிடு

"வடக்கே தலை வெச்சுப் படுக்காதே"ன்னு அதட்டு வாங்காத பிள்ளை நம்ம வீட்ல உண்டா? அந்த ஒரு வரியில இருந்தே பாடத்தைத் தொடங்கலாம். "சரி, எது வடக்கு? பாயைப் போட்டுக் காட்டு"ன்னு ராத்திரி படுக்கையில கேளு. தினமும் படுக்குற நேரத்துல ஒரு தடவை திசை பார்க்குற பழக்கம் வந்துடும்.

மூலைத் திசைக்கும் பாட்டிதான் டீச்சர். ஈசானிய மூலை வடகிழக்கு, அக்னி மூலை தென்கிழக்கு, கன்னி மூலை தென்மேற்கு, வாயு மூலை வடமேற்கு. வாஸ்துல நம்பிக்கை இருக்கோ இல்லையோ, திசை பழக இது கைவசம் இருக்கிற நல்ல சாமான். "நம்ம அடுப்படி அக்னி மூலையிலயா இருக்கு?"ன்னு பிள்ளையைச் சோதிக்கச் சொல்லு. வாடகை லைன் வீட்டுல பெரும்பாலும் இருக்காது. அப்போ வேற எந்த மூலைன்னு அதுவே கண்டுபிடிக்கட்டும்.

4. மேலே இருந்து பார்க்கிற கண்

மேப்னா ஒரு இடத்தை நேர் மேலே இருந்து பார்த்து வரைஞ்சது. சின்னப் பிள்ளைக்கு இது சட்டுன்னு பிடிபடாது. வீட்டை வரையச் சொன்னா முக்கோணக் கூரையும் கதவும்தான் போடும். அதுக்கு அடுப்படிச் சாமானே போதும். ஒரு டம்ளர், ஒரு சோப்பு டப்பா, ஒரு தட்டு, தண்ணிக் குடம் எல்லாத்தையும் தரையில வெச்சு, சாக்பீஸால அடியைச் சுத்திக் கோடு போடு. சாமானை எடுத்துட்டு, "எந்தக் கோடு எதோடது?"ன்னு கேளு. டம்ளரும் குடமும் வட்டம், டப்பா நீள்சதுரம். குடத்தோட வட்டம் அதோட வயித்தை விடச் சின்னதா இருக்கேன்னு பிள்ளை கேட்டா, பாதி பாடம் முடிஞ்சதுன்னு வெச்சுக்கோ. அப்போ பிள்ளையை ஸ்டூல் மேல பத்திரமா நிக்க வெச்சு, குடத்தை நேர் மேலே இருந்து பார்க்க விடு.

வாசல்ல புள்ளிக் கோலம் போடும்போதும் பக்கத்துல உட்கார வை. "மேலே இருந்து மூணாவது வரிசை, இடதுல இருந்து ரெண்டாவது புள்ளி, அதுல ஒரு பூ வை"ன்னு சொல்லு. பெரிய கிளாஸ்ல அட்சரேகை, தீர்க்கரேகைன்னு வர்றப்போ கட்டம் பார்க்கிற கண் தயாரா இருக்கும்.

5. வீட்டு மேப், தரையில விரிச்சு

அஞ்சு வயசுக்கு மேல, உங்க வீட்டையே வரையச் சொல்லு. வாசல், கூடம், அடுப்படி, பாத்ரூம், தொட்டி. அளவு முன்னே பின்னே இருந்தா விட்டுடு. எதுக்குப் பக்கத்துல எதுங்கிறது சரியா இருந்தா போதும். கட்டிலுக்கு ஒரு குறி, அடுப்புக்கு ஒரு குறின்னு அதுவே முடிவு பண்ணட்டும். ஓரமா அந்தக் குறிகளோட அர்த்தத்தை எழுத வை. மேல ஒரு அம்பு போட்டு 'வ'ன்னு எழுது.

இந்தக் கட்டுரையில ஒரே ஒரு டிப்ஸை மட்டும் எடுத்துக்கிறதா இருந்தா இதை எடுத்துக்கோ: மேப்பைச் சுவத்துல மாட்டாதே, தரையில விரி. சுவத்துல மாட்டினா பிள்ளைக்கு வடக்குன்னா 'மேலே', வானத்துப் பக்கம். சென்னை 'கீழே' இருக்குன்னு நம்பிடும். தரையில விரிச்சு, அந்த அம்பு நிஜ வடக்கைப் பார்க்கிற மாதிரி காகிதத்தைத் திருப்பு. இப்போ காகிதத்துல அடுப்படி எந்தப் பக்கமோ, நிஜ அடுப்படியும் அந்தப் பக்கம். பிள்ளை முகத்துல தெரியும் பாரு.

அடுத்த நாள் ஒரு கடலை மிட்டாயை ஒளிச்சு வெச்சு, மேப்புல பெருக்கல் குறி போட்டுக் கொடு. திசையாலதான் வழி சொல்லணும்: "வாசல்ல இருந்து நாலு எட்டு மேற்கே, அப்புறம் ரெண்டு எட்டு தெற்கே."

6. தெருவுல அடையாளம் தேர்ந்தெடுக்கிறது

சாயங்காலம் கடைக்குக் கூட்டிப் போறப்போ, "திரும்பி வர்றப்போ நீதான் வழி சொல்லணும்"னு சொல்லிடு. முதல்ல, "அந்த நாய் படுத்திருக்குமே, அங்கே திரும்பணும்"னு சொல்லும். சிரிக்காதே. "நாளைக்கு நாய் வேற இடத்துல படுத்தா?"ன்னு மட்டும் கேளு. நகராத பொருள்தான் அடையாளம்னு தானே புரிஞ்சுக்கும். மேல்நிலைத் தண்ணித் தொட்டி, டிரான்ஸ்பார்மர், கோயில், ரேஷன் கடை, செல்போன் டவர் இதெல்லாம் தேறும். நிறுத்தின லாரி, தள்ளுவண்டி, பேனர் தேறாது.

லாரி போற சிப்காட் ரோட்டுலயும், ஹைவே சர்வீஸ் ரோட்டுலயும் இந்த விளையாட்டு வேண்டாம். குடியிருப்புத் தெருவோட நிறுத்திக்கோ.

ஒண்ணாவதுல இருந்து மூணாவது வரை அரசுப் பள்ளியில படிக்கிற பிள்ளைன்னா, 'எண்ணும் எழுத்தும்' வகுப்பறையையே வரையச் சொல்லலாம். 2022 ஜூன்ல நம்ம திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கம் பள்ளியிலதான் அந்தத் திட்டத்தைத் தொடங்கினாங்க. பாட்டுக்கு ஒரு களம், கதைக்கு ஒரு களம்னு வகுப்பைப் பிரிச்சிருப்பாங்க. எந்தக் களம் எந்த மூலைன்னு பிள்ளைக்கு மனப்பாடமா இருக்கும்.

7. லோக்கல் ரயில்: ஓடுற மேப்

நம்ம மாவட்டத்துக்கு ரெண்டு புறநகர் ரயில் பாதை கிடைச்சிருக்கு, ரெண்டும் திசை பழகத் தோதானது. கும்மிடிப்பூண்டியில இருந்து சென்னைக்குப் போற ரயில் தெற்கே போகுது. போற பக்கம் பார்த்து உட்கார்ந்தா இடது ஜன்னல் கிழக்கு, கடல் இருக்கிற பக்கம். காலை ரயில்னா அந்தப் பக்கம்தான் வெயில் அடிக்கும். திருவள்ளூர்ல இருந்து சென்னைக்குப் போற ரயில் கிழக்கே போகுது. அதுல இடது ஜன்னல் வடக்கு. ரெண்டு வண்டியும் ஒரே சென்னைக்குத்தான் போகுது, இடது கைப் பக்கம் மட்டும் வேற வேற திசை. முதல் டிப்ஸ்ல சொன்னதை ரெண்டு டிக்கெட்டுல காட்டிடலாம்.

ஒரு நீளக் காகிதத்துல கோடு போட்டு, நிக்கிற ஸ்டேஷன் ஒவ்வொண்ணுக்கும் ஒரு புள்ளி வைக்கச் சொல்லு. கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, பொன்னேரி, அனுப்பம்பட்டு, மீஞ்சூர்னு வரிசையா வரும். இன்னொரு காகிதத்துல திருவள்ளூர், புட்லூர், செவ்வாப்பேட்டை ரோடு, வேப்பம்பட்டு, திருநின்றவூர்னு வரும். ரெண்டு கோடும் பேசின் பிரிட்ஜ்ல சேரும். ரெண்டு காகிதத்தையும் அங்கே ஒட்டினா, பிள்ளை கையாலயே ஒரு ரயில் மேப் தயார்.

வடக்கே எளாவூர், ஆரம்பாக்கம் தாண்டினா தடா, ஆந்திரா. ஸ்டேஷன் பலகையில தெலுங்கு எழுத்து வர்ற இடத்தைக் கவனிக்கச் சொல்லு. மேப்புல புள்ளிக் கோடா இருக்கிற மாநில எல்லை தரையில எப்படித் தெரியும்னு அப்போ விளங்கும்.

8. எவ்வளவு தூரம்? காலால அள

கூடத்தைக் காலடியால அளக்கச் சொல்லு. அண்ணன் ஒரு எண் சொல்வான், தங்கச்சி வேற எண் சொல்லும். ரெண்டும் சண்டைக்கு வரும். அப்போ அளவு டேப்பை எடு. எல்லாருக்கும் பொதுவா ஒரு அளவு ஏன் வேணும்னு சண்டையே சொல்லிடும். அப்புறம் ஒரு மீட்டருக்கு ரெண்டு சென்டிமீட்டர்னு கணக்கு வெச்சு, கட்டம் போட்ட நோட்டுல கூடத்தை வரைய விடு.

இதுக்கு ஒரு கதையும் இருக்கு. 1802 ஏப்ரல் 10 அன்னைக்கு, சென்னை பரங்கிமலை பக்கத்துல வில்லியம் லாம்டன்ங்கிறவர் 100 அடி நீள எஃகுச் சங்கிலியால தரையை அளக்கத் தொடங்கினார். நேர்கோட்டுல கிட்டத்தட்ட 12 கிலோமீட்டர். நம்ம வெயில்ல எஃகு நீளும்ங்கிறதால சங்கிலிக்குப் பக்கத்துல வெப்பமானி வெச்சு, அதுக்கும் கணக்குப் போட்டாங்க. அந்த ஒரு கோட்டுல இருந்து முக்கோணம் முக்கோணமா அளந்துகிட்டே போன வேலை, பல வருஷம் கழிச்சு இமயமலையைத் தொட்டு, எவரெஸ்ட்டோட உயரத்தையே கணக்குப் போட்டுச்சு. இந்தியாவை அளந்த அந்தப் பெரிய வேலைக்கு அடிக்கோடு போட்டது நம்ம பரங்கிமலைன்னு சொன்னா, பிள்ளை டேப்பைக் கீழே வைக்காது.

9. காசில்லாம கிடைக்கிற மேப்

மேப்புக்காகக் கடைக்கு ஓடாதே. கல்யாணப் பத்திரிகையோட பின்பக்கம் மண்டபத்துக்கு வழி போட்டிருப்பாங்க. மனை விக்கிறவங்க கொடுக்கிற நோட்டீஸ்ல லேஅவுட் இருக்கும். அதுல மனை நம்பர், 30 அடி ரோடு, பூங்கா இடம், வடக்கு அம்பு எல்லாம் சுத்தமா வரைஞ்சிருக்கும். "23ஆம் நம்பர் மனையில இருந்து பூங்காவுக்கு எப்படிப் போவே?"ன்னு கேளு. சொந்த மனை இருந்தா சர்வேயர் கொடுத்த புலப்படத்தோட நகலையும் காட்டு.

இன்னொண்ணும் செய். அதே நோட்டீஸ்ல இருக்கிற வழி மேப்புல ஹைவேயும் ஸ்டேஷனும் மனைக்கு ஒட்டினாப்புல வரைஞ்சிருக்கும். நிஜத்துல எவ்வளவு தூரம்னு சேர்ந்து பாருங்க. எல்லா மேப்பும் அளவுப்படி வரைஞ்சதில்லைன்னு பிள்ளைக்கு இப்போவே தெரிஞ்சா, பின்னாடி மனை வாங்குறப்போ ஏமாறாது.

10. மாவட்டத்துல இருந்து இந்தியா வரைக்கும்

ஏழெட்டு வயசுல மாவட்ட மேப்பைத் தரையில விரி. திருவள்ளூர் 1997ல தனி மாவட்டமாச்சு. வடகிழக்கு ஓரத்துல நம்ம கும்மிடிப்பூண்டி, வடமேற்கு ஓரத்துல பள்ளிப்பட்டு. ஆரணியாறும் கொசஸ்தலையாறும் மேற்கே இருந்து வந்து கிழக்கே போகுது. ஒண்ணு பழவேற்காடு பக்கம் சேரும், இன்னொண்ணு எண்ணூர் கழிமுகத்துல சேரும். நீல பென்சிலால ரெண்டையும் வரையச் சொல்லு. கொசஸ்தலையாத்துக்குக் குறுக்கே 1944ல கட்டின பூண்டி ஏரி எங்கேன்னு தேடச் சொல்லு.

அடுத்தது இந்தியா. பக்கத்து லைன் வீட்டுல ஒடிசாவில இருந்தோ பீகார்ல இருந்தோ வந்த குடும்பம் இருக்கும். அந்தப் பிள்ளையையும் கூப்பிட்டு உட்கார வை. நம்ம ஸ்டேஷன் வழியா போற அதே தண்டவாளம் நெல்லூர், விஜயவாடா, விசாகப்பட்டினம், புவனேஸ்வர்னு போய் ஹவுரா வரைக்கும் நீளுது. ஒரு நூலை அந்தப் பாதையில வெச்சு ஒட்டுங்க. "என் ஊரு இங்கே"ன்னு அந்தப் பிள்ளை விரலை வைக்கிறப்போ, உன் பிள்ளைக்கு வடக்கு, வடகிழக்குங்கிறது ஒரு சிநேகிதனோட ஊரா மாறிடும்.

11. ராக்கெட் நாள்

ஸ்ரீஹரிகோட்டா நமக்குப் பக்கத்து ஊர் மாதிரி. ராக்கெட் விடுறாங்கன்னு நியூஸ் வந்தா, முதல்ல மேப்பைப் பார்த்து எந்தப் பக்கம் திரும்பி நிக்கணும்னு பிள்ளை சொல்லணும். கும்மிடிப்பூண்டியில இருந்து வடக்கே, கொஞ்சம் கிழக்கே சாய்ஞ்சு. துருவச் சுற்றுப்பாதைக்குப் போற பிஎஸ்எல்வி இலங்கைக்கு மேலே போகாம இருக்க, முதல்ல தென்கிழக்கே கடல் மேலே போய் அப்புறம் தெற்கே வளையும். ஏன் வளையுதுன்னு மேப்புலயே விரலால காட்டிடலாம்.

12. திசைகாட்டி, கடைசியா போன்

ஒரு ஊசியைக் காந்தத்துல ஒரே பக்கமா பல தடவை தேய்ச்சு, சின்ன இலை மேல வெச்சு, தண்ணியில மிதக்க விடு. வடக்கு தெற்கா நிக்கும். பாத்திரம் பிளாஸ்டிக் இல்ல கண்ணாடியா இருக்கட்டும், சில எவர்சில்வர் பாத்திரத்துல காந்தம் ஒட்டும். பீரோ, பைக், இரும்பு கேட் பக்கத்துல வைக்காதே. போன்ல இருக்கிற காம்பஸுக்கும் இதே விதிதான்.

போன் மேப்பைத் திறந்தா முதல்ல சாட்டிலைட் படத்துல உங்க மொட்டை மாடியைத் தேடுங்க. இஸ்ரோவோட 'புவன்' தளத்துலயும் இப்படிப் பார்க்கலாம். வடக்கு மேலே இருக்கிற மாதிரி நிறுத்தி வை. நாம திரும்புறப்போ மேப்பும் சுத்துச்சுன்னா இதுவரை பழகினது குழம்பிடும். வெளியே கிளம்புறதுக்கு முன்னாடி பாதையைப் பார்க்கட்டும். அப்புறம் போன் உன் பையில போகட்டும், வழி சொல்ற வேலை பிள்ளையோடது.

13. வழி தப்பினா என்ன செய்யணும்

திசை கத்துக்கொடுத்துட்டோம்னு இதை விட்டுடாதே. கும்பல்ல தொலைஞ்சா தேடி நடக்காம, நின்ன இடத்துலயே நிக்கணும். யூனிபார்ம் போட்ட போலீஸ்கிட்டயோ, கடையில இருக்கிற அக்காகிட்டயோ, பிள்ளையோட இருக்கிற அம்மாகிட்டயோ சொல்லணும். யாரோடயும் வண்டியில ஏறக் கூடாது.

அம்மா, அப்பா ரெண்டு பேர் போன் நம்பரும் பாட்டு மாதிரி மனப்பாடம் ஆகணும். அப்பா ஷிப்ட்ல இருந்தா போனை வெளியே வெச்சுட்டுப் போக வேண்டியிருக்கும், அதனால மூணாவதா சித்தி நம்பரோ பாட்டி நம்பரோ சேர்த்துக்கோ. வீட்டு நம்பர், தெரு, பக்கத்து அடையாளம், பின்கோடு எல்லாம் வரிசையா சொல்லத் தெரியணும். கும்மிடிப்பூண்டின்னா 601201, திருவள்ளூர்னா 602001. குழந்தைகளுக்கான உதவி எண் 1098, அவசர உதவி 112. இதையெல்லாம் வாயால சொன்னா மட்டும் போதாது. மாசத்துக்கு ஒரு தடவை உன் போனைக் கையில கொடுத்து, உங்க வீட்டுக்காரர் நம்பரைத் தானே அழுத்திப் பேசச் சொல்லு. "நான் எங்கே நிக்கிறேன்"னு ரெண்டு அடையாளமும் ஒரு திசையும் சேர்த்து, அவருக்குப் புரியுற மாதிரி சொல்லிட்டா பிள்ளை தேறிடுச்சு.